இருபத்திரண்டாம் எண்ணின் கனவு

ஜூன் 2, 2014

இன்று எனக்கு வேலை கிடைத்தது. எழுபத்து மூன்றாம் வயதில், வாழ்க்கையில் முதல் தடவையாக.

கோகிலவாணி மாடியிலிருந்து அடையாள அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். பல்கலைக்கழக முத்திரை, என் புகைப்படம், கீழே 'பிலோமினா அருளப்பன், தற்காலிகப் பணியாளர்'. தற்காலிகம் என்ற சொல் எதற்கு என்று கேட்டேன். இந்தத் திட்டத்தில் எல்லோருமே தற்காலிகம்தான் ஆன்ட்டி என்றாள். ஆன்ட்டி என்று கூப்பிடக்கூடாது என்று இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. மிசஸ் அருளப்பன் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையவில்லையாம்.

அவள் என் மாடிப் போர்ஷனில் குடியிருப்பவள். தொழிலாளர் உறவுகள் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஸ்பின்னிங் மில்களில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள் எப்போது தூங்குகிறார்கள், தூக்கத்தின் பொருட்டு மேஸ்திரியிடமும் நிர்வாகத்திடமும் என்ன பாடு படுகிறார்கள் என்பதுதான் விஷயம். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு வருகிறாள். அதைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுத ஆள் வேண்டும். இதற்கு முன் எழுதியவர்கள் பாதி வாக்கியத்தை விழுங்கியிருந்தார்கள். அந்தப் பக்கங்களைக் காட்டிப் புலம்பினாள். நான் எழுதித் தருகிறேன் என்றேன். என் கணவர் அருளப்பன் ஓய்வு பெறும்வரை ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். மில் சொற்கள் எனக்குப் புதியவை அல்ல.

அட்டையை டிராயரில் வைத்தேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். புகைப்படத்தில் என் கண்கள் பாதி மூடியிருக்கின்றன. படம் எடுத்தவனுக்குப் பொறுமை இல்லை.

ஜூன் 4

விதிகளைக் கோகிலவாணி விளக்கினாள். பேசுபவரின் பெயர் எங்கும் வரக்கூடாது, எண் மட்டும். மில்லின் பெயரும் கூடாது. சிரித்தால் சிரிப்பு என்று எழுத வேண்டும், இருமினால் இருமல் என்று. நான் எழுதி முடித்ததும் அவள் ஒரு தடவை பதிவைக் கேட்டு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவாள். அதன் பிறகு பதிவை அழித்துவிட வேண்டும். குரலை வைத்து மில்காரர்கள் ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதே. நல்ல விதி.

மத்தியானம் பாத்திரம் கழுவியதும் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும்வரை எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் தூக்கம் வராதா என்று கேட்டாள். எங்கள் கான்வென்டில் மத்தியானத் தூக்கம் என்பதே கிடையாது. சாப்பாட்டுக்குப் பிறகு தையல். சிஸ்டர் யூஜினி வரிசைகளுக்கு நடுவே நடப்பார். ஊசி நின்றால் அவருக்குத் தெரிந்துவிடும். அன்று முதல் இன்றுவரை பகலில் நான் கண்ணயர்ந்தது இல்லை. இதை அவளிடம் சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூசைக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து டெய்சி போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்ததைச் சொன்னதும், அம்மா நீயா என்று சிரித்தாள். மகள்கள் சிரிக்கும்படி நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 11

எட்டாம் எண் முடிந்தது. முருங்கைக்காய் சாம்பார். தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

ஜூன் 13

ஹெட்போனை மாட்டினால் வீடு மெல்ல விலகிப் போய்விடுகிறது. ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டுக் காற்று மரத்தை அலைக்கழிப்பது தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகக் காதுக்குள் யாரோ ஒருத்தியின் வீடு. குக்கர் விசில், கோழி, பக்கத்து வீட்டு டிவி. இந்தப் பெண்கள் எல்லோரும் உரக்கப் பேசுகிறார்கள். மெஷின் இரைச்சலில் பேசிப் பழகியவர்களுக்கு வீட்டிலும் குரல் தணியாது. அருளப்பனும் அப்படித்தான். 'உப்பு எடு' என்பதைக்கூடத் தெருவுக்கே கேட்கும்படி சொல்வார்.

விடிய விடியப் பார்க்கும் ஷிஃப்டுக்கு இவர்கள் முழுநைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடு இரவு தாண்டியதும் பஞ்சு தூசு விளக்கு வெளிச்சத்தில் மூடுபனி மாதிரி நிற்குமாம். கை தானாக அறுந்த நூலைத் தேடிப் போய் ஒட்டிவிட்டு வருமாம். கால் தானாக நடக்குமாம். 'அப்ப நாங்க எங்க இருப்போம்னு எங்களுக்கே தெரியாதுங்க' என்றாள் பதினோராம் எண். இதை எழுதும்போது எனக்கும் கை தானாகவே போனது.

காப்பி ஆறி ஏடு படிந்துவிட்டது. வேலையில் மூழ்கினால் இப்படித்தான்.

ஜூன் 17

சிலிண்டர்காரன் 'வீட்டில் ஆள் இல்லை' என்று திரும்பிப் போயிருக்கிறான். நான் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்குப் போன் செய்து கண்டித்தேன். மணி அடித்தேன், அடித்தேன், பார்த்துவிட்டுப் போய்விட்டேன் என்கிறான். எதைப் பார்த்தான்?

இன்றைய பதிவில் ஒருத்தி, மேஸ்திரி தண்ணீரை முகத்தில் விசிறுவதைப் பற்றிச் சொன்னாள். தான் தூங்கவே இல்லை என்றும் கண்ணை மட்டும் மூடியதாகவும் சொன்னாள். எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். தூங்கி மாட்டிக்கொண்டவன் ஒருவன்கூடத் தூங்கினேன் என்று சொன்னதில்லை என்பார் அருளப்பன். முழு இரவும் மெஷின் வரிசைகளுக்கு நடுவே ஷூ சத்தம் கேட்க நடப்பது அவர் வழக்கம். சத்தம் கேட்டே விழித்துக்கொள்ளட்டும் என்றுதான் அந்த ஷூ.

பதினேழாம் பக்கத்தில் என் கையெழுத்து கோட்டை விட்டு இறங்கியிருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஜூன் 20

இருபத்திரண்டாம் எண். நாற்பது வயது இருக்கும். சைடர், அதாவது நூற்பு மெஷின் பக்கத்தில் நின்று அறுந்த இழையை ஒட்டுபவள். கணவன் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். சொற்களை எண்ணி எண்ணிப் பேசுகிறாள், எனக்குப் பிடித்திருந்தது. முழுநைட் முடிந்து காலையில் மாற்று ஆள் வராததால் நிறுத்திவைக்கப்பட்டு, அடுத்த ஷிஃப்டையும் பார்த்த நாளைப் பற்றிச் சொன்னாள். மெஷினில் சாய்ந்து நின்றதை மேஸ்திரி தூக்கம் என்று எழுதிக்கொண்டானாம்.

கனவு வருமா என்று கோகிலவாணி கேட்டாள். பிறகு போன் மணி கேட்டது. நீங்க பேசிட்டே இருங்கக்கா வந்தர்றேன் என்று கதவுச் சத்தம். அதற்குப் பிறகு ஃபேன் சுற்றும் ஒலி. நீளமாக, ஒரே சீராக.

பிறகு அவள் பேசினாள். இப்படி ஒரு மில் பெண் பேசுவாளா என்று வியந்தேன். மெதுவாக, வேறு குரலில். ஒரு நீளமான கூடம். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக வரிசைகள். மேலிருந்து வெள்ளை சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான் அசையாமல் இருக்கிறேன். யாரோ நடந்து வருகிறார்கள். காலடி என் பக்கத்தில் வந்து நிற்கிறது. எழுப்பப் போகிறார்கள் என்று காத்திருக்கிறேன். எழுப்பவில்லை. கழுத்துவரை போர்த்திவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு சொல் விடாமல் எழுதினேன். நிமிர்ந்தபோது மழை பெய்து நின்றிருந்தது. கொடியில் துணி எல்லாம் நனைந்துவிட்டது. மழை வந்த சத்தமே கேட்கவில்லை, ஹெட்போன்தான் காரணம்.

ஜூன் 24

கோகிலவாணி பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் போன் பேச வெளியே போன நேரத்தில் அந்தக்கா இப்படிப் பேசியிருக்காங்களே ஆன்ட்டி, நான் உட்கார்ந்திருந்தா பேசியிருக்கவே மாட்டாங்க என்றாள்.

பிறகு, உங்கள் பக்கங்களை இனிமேல் பதிவோடு ஒப்பிடப் போவதில்லை, அதற்குத் தேவையே இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். சரி என்றேன். அவள் போன பிறகு, அடையாள அட்டையை டிராயரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3

காற்று ஓயவில்லை. எங்கோ கிடங்கு உடைந்து பஞ்சு பறந்துவந்து மரத்தில் ஒட்டியிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்ததுபோல் இருக்கிறது. இருபத்தாறு, இருபத்தேழு முடிந்தன.

ஜூலை 9

கோகிலவாணி கருத்தரங்கில் இருபத்திரண்டாம் எண்ணின் கனவை வாசித்தாளாம். அவளுடைய பேராசிரியர் அதை ஓர் அத்தியாயத்தின் முகப்பில் வைக்கச் சொன்னாராம். கேசரி கிண்டிக் கொடுத்தேன். முந்திரி கொஞ்சம் கருகிவிட்டது.

ஜூலை 16

முதல் முப்பது பதிவுகளையும் அழித்துவிட்டதாகச் சொன்னாள். முப்பது பெண்களின் குரல் ஒரு பொத்தானில் போய்விட்டது. அவர்கள் இனிமேல் என் கையெழுத்தில்தான் இருக்கிறார்கள். படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன்.

ஜூலை 22

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இருபத்திரண்டாம் எண்ணுக்குப் பெயர் இருக்கிறது. மயிலாத்தாள். மெஷினில் தூங்கியதாகச் சொல்லி மில் அவளை மே மாதமே வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறது. யூனியன் விஷயத்தைத் தொழிலாளர் துறைக்குக் கொண்டுபோக, அங்கே சமரசப் பேச்சு நடக்கிறது. தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கவைத்தார்கள் என்பதற்கு ஆதாரமாக, பல்கலைக்கழகத்தில் அவள் சொன்னதைக் காட்டலாம் என்று யூனியன்காரர்கள் நினைத்தார்கள். மயிலாத்தாளும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். கோகிலவாணி பக்கங்களின் பிரதியைக் கொடுத்தாள்.

மில்லின் பெர்சனல் மேனேஜர் அதைக் கடைசிவரை படித்திருக்கிறார். கனவு வரும் இடத்தில் நிறுத்தி, சத்தமாக வாசித்திருக்கிறார். நீளமான கூடம் என்றால் நூற்புக் கூடம். வெள்ளை வரிசை என்றால் மெஷின். இறங்கும் வெள்ளை பஞ்சு. நடந்து வந்தவர் சூப்பர்வைசர். நின்ற இடத்திலேயே கனவு காணும் அளவுக்குத் தூங்கியதை அந்த அம்மாவே ஒப்புக்கொண்டிருக்கிறார், இதற்குமேல் எங்களுக்கு என்ன சாட்சி வேண்டும் என்றாராம்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாளாம் மயிலாத்தாள். யூனியன் செயலாளரே, மறந்திருப்பே தாயி, நல்லா யோசிச்சுப் பாரு என்றிருக்கிறார். பதிவு அழிந்துவிட்டது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி கடைசிப் பேச்சு. அன்று அவள் வேலை நிரந்தரமாகப் போய்விடும்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, ஃபேன் ஓடும் இடத்தில் அவங்க குரல் எப்படி இருந்துச்சு ஆன்ட்டி என்று கோகிலவாணி கேட்டாள். மெதுவாக இருந்தது என்றேன்.

ஜூலை 23

நான் கேட்டதைத்தான் எழுதினேன்.

ஜூலை 24

அரிசியில் வண்டு. வெயிலில் கொட்டிப் புடைத்தேன்.

ஜூலை 25

மத்தியானம் கேட்டில் குரல் கேட்டது. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே யார் என்று தெரிந்துவிட்டது. அந்தக் குரலை நான் எத்தனை முறை முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டிருக்கிறேன். குரலைவிட ஆள் சின்னவளாக இருந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலை, புருவத்திலும் காதோரத்திலும் நரை. ஒரு துணிப்பை.

கோகிலவாணியைப் பார்க்க வந்திருந்தாள். வெளியே போயிருக்கிறாள் என்றேன். வாசலிலேயே திரும்பினவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தேன். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள்.

மகளுக்கு இது கடைசி வருடமாம். வேறு மில்லில் கேட்டால் தூங்குமூஞ்சி என்று பேர் வாங்கியவளைச் சேர்க்கமாட்டோம் என்கிறார்களாம். இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மேஜைப் பக்கம் பார்த்தாள். ஹெட்போனைப் பார்த்தாளா என்று தெரியவில்லை.

"ஏனுங்கம்மா, நாம் பேசுனத ஆரோ எழுதுனாங்களாமா. அவிய ஆருன்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

எதற்கு என்று கேட்டேன்.

"ஒரு வார்த்த கேக்கோணுங்க. அந்தப் புள்ள போன எடுத்துட்டு வெளிய போச்சு. நா அந்த ஃபேனத்தான் பாத்துட்டு உக்காந்திருந்தேன். வாயவே தொறக்கலீங்க. ஆளில்லாத எடத்துல ஆரு கூடப் பேசறது? எழுதுனவிய காதுல அப்புறம் என்ன கேட்டுச்சு?"

கோகிலவாணி வந்ததும் விசாரித்து வைக்கிறேன் என்றேன். அவள் டம்ளரைக் கழுவி வைக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். அப்படியும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 27, ஞாயிறு

பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்கவில்லை. காரணம் எதுவும் இல்லை. வரிசை நீளமாக இருந்தது.

ஜூலை 29

ஒரு சோதனை செய்து பார்த்தேன். சந்தேகத்தால் அல்ல. கோகிலவாணி கேட்டால் திட்டமாகப் பதில் சொல்ல வேண்டுமே.

மத்தியானம் வழக்கம்போல் உட்கார்ந்தேன். முப்பத்து மூன்றாம் எண்ணின் பதிவை ஓடவிட்டேன். அவள் ஒரு கேள்விக்குப் பதில் யோசிக்கும் இடத்தில் குரல் நிற்கிறது. பின்னால் ஏதோ ஒரு இரைச்சல், கிரைண்டராக இருக்கலாம். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். கான்வென்டின் ஜன்னல் கண்ணாடியில் பனி இறங்கியது. அருளப்பன் வாசலில் ஷூவைக் கழற்றாமல் நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன். ஷிஃப்ட் இன்னும் முடியவில்லை என்றார்.

கன்னத்தில் மேஜை விளிம்பு அழுந்தி வலித்தது. பதிவு எப்போதோ ஓடி முடிந்திருந்தது. தாளில் என் கையெழுத்து, முதல் வரி நேராக, மற்றவை சரிந்து. அதில் இருந்தது:

'அவர் வாசலில் நிற்பார். உள்ளே வரமாட்டார். ஷிஃப்ட் முடியவில்லை என்பார்.'

மேலே நான் போட்ட தலைப்பு: எண் முப்பத்து மூன்று.

முப்பத்து மூன்றாம் எண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்கே வெளிச்சம் முழுவதும் போன பிறகுதான் எழுந்து விளக்கைப் போட்டேன். இரவுச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 30

காலையிலேயே மாடி ஏறினேன். முழங்கால் வலிக்கு அது நல்லதல்ல. கோகிலவாணி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவள் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, எத்தனை பக்கங்களில் என்று கேட்டாள். தெரியாது என்றேன். அது தெரியாததுதான் எல்லாவற்றிலும் கேவலம். அவள் அத்தியாயத்தின் முகப்பு போயிற்று. அத்தியாயமே போயிற்று. நான் எழுதிய எதையும் இனி நம்ப முடியாது. ஒப்பிட்டதாகப் பொய்க் கையெழுத்துப் போட்டதற்கு அவளும் பதில் சொல்ல வேண்டும். இவையெல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை நின்று பார்த்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அழும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கீழே வந்து கதவைத் தட்டினாள். முகம் வீங்கியிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்கு ஆட்டோ சொல்லிட்டேன் ஆன்ட்டி. ரெடியா இருங்க."

நீ சொன்னால் போதாதா, நான் எழுதித் தருகிறேனே என்று கேட்டேன்.

"எழுதினது போதும் ஆன்ட்டி. வாயால சொல்லுங்க."

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாம்பல் நிறப் பட்டு உடுத்திக்கொண்டேன். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எந்த வேலையில் தப்பு செய்தேனோ அந்த வேலையின் அடையாளத்தோடு போவதுதான் முறை.

தொழிலாளர் துறை அலுவலகத்தில் ஒரு நீள மேஜை. சமரச அதிகாரி ஒரு பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். ஒரு பக்கம் மயிலாத்தாளும் யூனியன் செயலாளரும். எதிர்ப் பக்கம் மில்லின் பெர்சனல் மேனேஜர். கோகிலவாணி பெயரைச் சொன்னபோதே நினைத்தேன், வரதராஜுலுவேதான். அருளப்பனிடம் பயிற்சி பெற்றவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். மாஸ்டர் வீட்டம்மா என்று அதிகாரியிடம் அறிமுகம்கூடச் செய்தார். நான் மில்லின் சார்பாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலும்.

அதிகாரி என்னைப் பேசச் சொன்னார். பேச வேண்டியதை வீட்டில் நான்கு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். கனவு மயிலாத்தாள் சொன்னது அல்ல, எழுத்தில் நேர்ந்த பிழை, மூப்பின் காரணமாக, இப்படி எல்லாம். மயிலாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி கொடுத்த அம்மா இங்கே எதற்கு என்ற பார்வை. தயார் செய்தது எதுவும் வாயில் வரவில்லை.

"நான் தூங்கிட்டேன்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. அதிகாரி எப்போது என்று கேட்டார்.

"வேலை நேரத்துல. இவங்க பேச்சை எழுதற வேலை என்னோடது. பேச்சு நின்னு ஃபேன் சத்தம் மட்டும் கேட்ட இடத்துல தூங்கிட்டேன். முழிச்சதும் எனக்கு வந்த கனவை இவங்க சொன்னதா நினைச்சு எழுதிட்டேன். அது என் கனவு."

வரதராஜுலு மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். இந்த வயதில் உங்களை யாரோ அழைத்து வந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குப் புரிகிறது மேடம் என்றார். கோகிலவாணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, கூடமும் வெள்ளை வரிசையும் பஞ்சும் மில்லில் வேலை செய்தவர்களுக்குத்தானே வரும், உங்களுக்கு எப்படி வரும் என்று கேட்டார்.

அது மில் அல்ல, எங்கள் கான்வென்டில் நாங்கள் படுத்த கூடம் என்றேன். இரண்டு பக்கமும் கட்டில் வரிசை. மேலிருந்து இறங்கியது கொசுவலை.

அப்படியானால் நடந்து வந்தது யார் என்று அதிகாரி கேட்டார்.

சிஸ்டர் யூஜினி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முடிந்திருக்கும். அவர் ராத்திரி வரிசைக்கு நடுவே நடந்ததும் உண்மைதான். ஆனால் அவர் யாருக்கும் போர்த்திவிட்டதில்லை.

"என் வீட்டுக்காரர்" என்றேன்.

பிறகு எப்படி அவ்வளவையும் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் மில்லிலிருந்து விடிகிற நேரத்துக்குத்தான் வருவார். ஷூ சத்தம் வாசலிலேயே கேட்டுவிடும். நான் கண்ணை மூடிக்கொள்வேன். தூங்குகிறவள்போல் அசையாமல் கிடப்பேன். எழுப்புவார், இரண்டு வார்த்தை பேசுவார் என்று காத்திருப்பேன். அவர் கட்டிலருகே வந்து நிற்பார். ராத்திரி முழுக்கத் தூங்குகிறவர்களை எழுப்பிவிட்டு வந்தவர். என்னை எழுப்பமாட்டார். போர்வையை இழுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொள்வார். அவர் எழுந்திருக்கும்போது நான் சமையலில் இருப்பேன். பேசிக்கொள்ள நேரம் இருக்காது. அவர் ஓய்வு பெறுகிறவரை அப்படித்தான். நான் முழித்திருக்கிறேன் என்று கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

வரதராஜுலு பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அருளப்பனின் ஷூ சத்தம் எப்படி இருக்கும் என்று அந்த அறையில் என்னைத் தவிர அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அதிகாரி பிரதியை எடுத்துக் கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

"சார், உங்க மில்லுல தூங்கறவங்களுக்குச் சூப்பர்வைசர் போர்த்தி விடறது உண்டுங்களா?"

யூனியன் செயலாளர் முதலில் சிரித்தார். பிறகு கோகிலவாணி. வரதராஜுலுவும் சிரித்துவிட்டார், தலையைக் குனிந்துகொண்டு. மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சாதாரணம். ஒப்புதல் என்று சொன்னது போய்விட்டதால் மேஸ்திரியின் வாய்ச்சொல் மட்டும் மிஞ்சியது. இரண்டு ஷிஃப்டையும் தொடர்ந்து பார்க்கவைத்ததை மில் மறுக்கவில்லை. திங்கள்கிழமை முதல் மயிலாத்தாள் வேலைக்கு வரலாம் என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. வரதராஜுலு போகும்போது மறுபடியும் என்னைக் கும்பிட்டார். மாஸ்டர் என்னை ஒரு தடவை எழுப்பாமல் விட்டிருக்கிறார் மேடம் என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் நிற்கவில்லை.

செயலாளரும் கோகிலவாணியும் இன்னும் சில தாள்களுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. மயிலாத்தாளுக்கு அவசரம். நான் அவளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பேசிவிட்டாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க. உங்கூட்டுக்கு வந்தன்னிக்கே."

ஆமாம் என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அந்தாளு மொதத் தடவ அத வாசிச்சப்ப, நாந்தான் அந்தக் கனவக் கண்டேனாட்டம் இருந்துச்சுங்க. ஆரோ வாராங்க, எழுப்பாம போர்த்திவிட்டுப் போறாங்க." நின்றாள். "ஆமாங்க எனக்கு வந்ததுதான்னு சொல்லிப்போடலாமான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். வேல போனாப் போகுதுன்னு."

சிங்காநல்லூர் பஸ் வந்தது. கூட்டத்தில் முட்டி ஏறி ஜன்னலோரத்தில் இடம் பிடித்துவிட்டாள். கையை ஆட்டுவாள் என்று நினைத்தேன். பஸ் திருப்பத்தில் வளைவதற்குள் அவள் தலை கம்பியில் சாய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 2

பேராசிரியர் என் பக்கங்கள் அனைத்தையும் ஒதுக்கிவைக்கச் சொல்லிவிட்டார். கோகிலவாணி முப்பது பேரையும் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இனிமேல் பதிவைக் கொடுக்கமாட்டாளாம். நானும் கூட வந்து, அவர்கள் பேசும்போதே எதிரில் உட்கார்ந்து எழுத வேண்டுமாம். தூங்கினால் கிள்ளிவிடுவாளாம். அதிகப்பிரசங்கி. வருகிறேன் என்றேன்.

கண்டக்டரிடம் சொல்லி மயிலாத்தாளை அவள் இடத்தில் எழுப்பிவிடச் சொல்லியிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. காலையிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. யாராவது எழுப்பியிருப்பார்கள். இல்லையென்றால் அந்தப் பஸ் கடைசிவரை போய் நின்று, எல்லோரும் இறங்கிய பிறகும் தூறலில் அவள் தூங்கிக்கொண்டிருந்திருப்பாள்.